பரணில் இருப்பது யாருக்கு உரியது?

பங்குத் திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்னே வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட வேண்டும் என்பது நம் குமரி மாவட்டத்தில் எழுதாத சட்டம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னும் அப்படியே. அந்த ஒரு வாரத்தில்தான் பரணில் இருப்பவை எல்லாம் முற்றத்துக்கு இறங்குகின்றன. ஈயம் போன பித்தளைச் சருவம், ஒரு கால் இல்லாத நாற்காலி, மூடி இல்லாத கண்ணாடிக் குப்பிகள், பிய்ந்துபோன ஓலைக் கடவம், ஓடாத மின்விசிறி, மூத்த பிள்ளையின் ஐந்தாம் வகுப்பு நோட்டுகள், யார் கல்யாணத்தில் கிடைத்தது என்று யாருக்கும் நினைவில்லாத சுவர்க் கடிகாரம். இரண்டு நாள் வெயிலில் கிடக்கும். மூன்றாம் நாள் வெள்ளை காய்ந்ததும் எல்லாம் மறுபடியும் மேலே ஏறிவிடும். "கிடக்கட்டும், எதுக்காவது உதவும்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் பேசாமல் எடுத்துக் கொடுப்போம்.

இது ஒரு சிறிய காரியம் போலத் தோன்றலாம். ஆனால் ஒரு வீட்டில் என்ன சேர்ந்திருக்கிறது, ஏன் சேர்ந்திருக்கிறது, அது கடைசியில் எங்கே போகிறது என்று கேட்கத் தொடங்கினால், நம் விசுவாச வாழ்வைத் தொடும் சில கேள்விகள் அதற்குள் இருப்பதைக் காண்கிறோம். அவற்றைச் சற்று சிந்திப்போம்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் உடன்பிறந்தோர் எல்லாரும் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தோம். அம்மா நேர்ச்சை நிறைவேற்ற வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்து வைத்தால் மகிழ்ச்சி அடைவார் என்று நினைத்தோம். இரண்டே நாளில் பரண் காலியாயிற்று. ஆக்கர் கடைக்காரர் வந்து எல்லாவற்றையும் எடை போட்டு எடுத்துப் போனார். கட்டிலுக்கு அடியில் இருந்த துருப்பிடித்த தகரப்பெட்டியும் அதோடு போயிற்று. திறந்து பார்த்துத்தான் கொடுத்தோம். உள்ளே கொஞ்சம் பழந்துணி மட்டுமே இருந்தது.

அம்மா வந்ததும் முதலில் தேடியது அந்தப் பெட்டியைத்தான். எங்களுக்கு முன்னே பிறந்து நாற்பது நாளில் இறந்துபோன குழந்தைக்குத் திருமுழுக்கு நாளில் உடுத்திய துணி அதற்குள் இருந்தது. கடைக்கு ஓடினோம். பெட்டி கிடைத்தது. துணி கிடைக்கவில்லை. அம்மா ஏசவில்லை. "கேட்டிருந்தா நானே எடுத்து மாத்தி வச்சிருப்பேனே மக்ளே" என்று மட்டும் சொன்னார்.

வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நாங்கள் நினைத்ததில் தவறு இல்லை. அந்தப் பரணில் எலிக் கூடும் கறையானும் இருந்தன. ஆனால் எது யாருக்கு உரியது என்று கேட்காமல் காலி செய்தோம். அதுதான் தவறு. அன்றுமுதல் இந்தக் கேள்வி எங்களோடு இருக்கிறது. அதிலிருந்து கற்றதையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நாம் ஏன் சேர்த்து வைக்கிறோம்?

சேர்த்து வைப்போர் எல்லாரும் பேராசைக்காரர்கள் அல்லர். நம் பெரியவர்கள் பலர் சேர்த்ததற்கு முதல் காரணம் இல்லாமையின் நினைவு. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைந்தது. ஒரு அறுவடைக்கும் அடுத்த அறுவடைக்கும் இடையே குடும்பம் பசியாமல் இருக்க வேண்டுமானால் பத்தாயத்தில் நெல் இருக்க வேண்டும். பாதுகாத்து வைப்பது அங்கே ஒழுக்கம், பொறுப்பு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. வெளி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் கடும் பஞ்சத்துக்கு உள்ளானது. மரச்சீனியும் கஞ்சியுமாகப் பல குடும்பங்கள் அந்த நாள்களைக் கழித்தன. அந்தப் பஞ்சத்தில் வளர்ந்தவர்களும் அவர்கள் வளர்த்த பிள்ளைகளும் ஒரு காலி டப்பாவையும் எறிய மாட்டார்கள். அதைப் பார்த்து இளையவர்களாகிய நாம் சிரிக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் அன்பு. இறந்துபோன அப்பாவின் குடை, கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் சட்டை, வெளிநாட்டிலிருந்து பேரன் முதன்முதலில் அனுப்பிய பொம்மை. இவை பொருள்கள் அல்ல, மனிதர்கள். 2004 ஆழிப்பேரலையிலும் 2017 ஒக்கிப் புயலிலும் உற்றாரை இழந்த நம் கடற்கரை ஊர்களில், உடல்கூடக் கிடைக்காத வீடுகளில், ஒரு சட்டை எவ்வளவு பெரியது என்பதை நாம் அறிவோம்.

மூன்றாவது காரணம் கௌரவம். மகளுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரங்களில் பாதி அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் இருக்கின்றன. பயன்படுத்தினால் பழசாகிவிடும், கொடுத்துவிட்டால் சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். ஆகவே யாருக்கும் பயன்படாமல் அவை இருக்கின்றன.

நான்காவதாக ஒன்று அண்மைக் காலத்தில் சேர்ந்திருக்கிறது. பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன, எளிதில் பழுதாகின்றன, பழுதுபார்ப்பவர் கிடைப்பதில்லை. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும், 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறிகளும் ஓட்டம் நின்று இன்றும் பல பரண்களில் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் பழைய அலைபேசிகளும் மின்னேற்றிகளும் கிடக்கின்றன.

அச்சம், அன்பு, கௌரவம், சோம்பல். பரணில் இருக்கும் பொருளைத் தொடுமுன் அது இந்த நான்கில் எதனால் அங்கே ஏறியது என்று கேட்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

இறைவார்த்தை என்ன சொல்கிறது?

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா கிடைத்தபோது, மறுநாளைக்கு வைக்க வேண்டாம் என்று மோசே கூறினார். சிலர் வைத்தார்கள். அது புழுத்து நாற்றம் எடுத்தது (விப 16:19-20). பசித்தவருக்கு உணவாகத் தரப்பட்டதே, பதுக்கியபோது குப்பையாயிற்று. நற்செய்தியில் வரும் செல்வனுக்கு விளைச்சல் பெருகியது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. சேர்த்தவை யாருடையவை ஆகும் என்பதே அவனிடம் கடவுள் கேட்ட கேள்வி (லூக் 12:16-21).

இந்த உவமையைக் குறித்து 4-ஆம் நூற்றாண்டில் செசரியாவின் புனித பசிலியார் ஆற்றிய மறையுரை திருச்சபையில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. நம் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் உடை உடையற்றவருக்கும், பூஞ்சை பிடிக்கும் காலணி காலணியற்றவருக்கும் உரியது என்பது அவர் போதனை. தானம் செய்தால் நாம் நல்லவர்கள் என்று அவர் சொல்லவில்லை. உரியவரிடம் சேர்க்காவிட்டால் அவருக்கு அநீதி செய்கிறோம் என்கிறார். இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிர வேண்டும் என்ற திருமுழுக்கு யோவானின் போதனையும் (லூக் 3:11) இதுவே.

அதே வேளையில் எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டும் என்றும் இயேசு கற்பிக்கவில்லை. தம் கருவூலத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் வெளியே கொண்டுவரும் வீட்டு உரிமையாளரை அவர் விண்ணரசுக்குரிய மறைநூல் அறிஞருக்கு ஒப்பிடுகிறார் (மத் 13:52). காணாமற்போன ஒரு நாணயத்துக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிய பெண்ணையும் நமக்குக் காட்டுகிறார் (லூக் 15:8-10). அந்தப் பெண் பெருக்கியது எறிவதற்காக அல்ல, தேடுவதற்காக. வீட்டைச் சுத்தம் செய்வதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

நம் கோட்டாற்றில் தங்கி, இந்தக் கரை ஊர்களில் நடந்தே நற்செய்தி அறிவித்த புனித சவேரியாரையும் நினைத்துப் பார்க்கலாம். 1541-இல் லிஸ்பனில் கப்பல் ஏறும்போது, பயணத்துக்கு வேண்டியதை எல்லாம் தர அரச அலுவலர்கள் முன்வந்தார்கள். சில நூல்களையும் குளிருக்கான உடையையும் தவிர வேறு எதையும் அவர் ஏற்கவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். சுமை குறைவாக இருந்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடிந்தது.

கொடுப்பது வேறு, கழிப்பது வேறு

'சரி, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம்' என்று முடிவு செய்கிறோம். இங்கே ஒரு பெரிய ஆபத்து உண்டு. அதை நம் மண்ணே அனுபவித்திருக்கிறது.

2004 டிசம்பர் 26-க்குப் பின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என நம் கரை ஊர்கள் துயரத்தில் இருந்தபோது, நாடெங்கும் இருந்து உதவி வந்தது. அந்த அன்பை நாம் மறக்க மாட்டோம். ஆனால் தமிழகக் கடற்கரை நெடுகிலும் அந்த உதவியோடு பழந்துணிகளும் மலைபோல் வந்து குவிந்தன. கிழிந்தவை, அழுக்கானவை, பித்தான் அற்றவை, நம் வெயிலில் உடுத்த முடியாத கம்பளிகள். யாரும் தொடாததால் அவை சாலையோரங்களில் கிடந்து மழையில் நனைந்தன. வீட்டையும் வலையையும் பிள்ளைகளையும் இழந்து நின்ற உழைப்பாளி மக்கள், பிறர் கழித்த துணியைக் குனிந்து பொறுக்க விரும்பவில்லை. அது திமிர் அல்ல, மாண்பு.

அன்ஷு குப்தா என்பவர் 1999-இல் தொடங்கிய 'கூஞ்ச்' என்ற தொண்டு நிறுவனம், தமிழ்நாட்டில் அப்படிக் குவிந்து கிடந்த துணிகளை எடுத்து வகை பிரிக்கும் பணியை ஏற்றது. உடுத்தக் கூடியவை உடையாயின. மற்றவை துவைத்து வெட்டித் தைக்கப்பட்டு வேறு பயன்பாட்டுக்குப் போயின. பெண்களின் மாதவிடாய்க் காலத்துக்குத் தூய பருத்தித் துணியால் ஆன அட்டைகளையும் இந்த நிறுவனம் செய்து வருகிறது. ஊருக்கு ஒரு குளம் வெட்டியவர்களுக்கும் பாதை போட்டவர்களுக்கும் அவர்கள் உழைப்பின் மதிப்பாகத் துணிகளைத் தருவது அதன் வழக்கம். பெறுபவர் கை ஏந்துவதில்லை. இப்பணிக்காக அன்ஷு குப்தா 2015-இல் மகசேசே விருது பெற்றார்.

இதிலிருந்து நாம் கற்கும் விதி எளிது. நம் தங்கைக்குக் கொடுக்கத் தயங்கும் ஒன்றை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. துவைத்து, தேய்த்து, பித்தான் தைத்து, மடித்துக் கொடுப்போம். அதற்கு முன் 'உங்களுக்குத் தேவைப்படுமா?' என்று கேட்போம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. 1833-இல் பாரிசில் தொடங்கி இன்று நம் பங்குகள் பலவற்றில் இயங்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைகளின் வீட்டுக்கே சென்று சந்திப்பவர்கள். எந்த வீட்டில் கட்டில் இல்லை, எந்தப் பிள்ளைக்கு மேசை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பொருளை இறக்குமுன் அவர்களைக் கேட்பது நல்லது.

மீதியை எரித்துவிடலாமா?

கொடுக்க முடியாததை வாழைத் தோப்பில் போட்டு எரிப்பதும், கால்வாயில் தள்ளுவதும் நம்மிடையே இன்னும் இருக்கிறது. நாகர்கோவில் நகரின் குப்பை பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்ட வலம்புரிவிளையில் எத்தனையோ முறை தீப்பற்றியது. சுற்றிலும் குடியிருந்தவர்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். நம் வீடு சுத்தமானபோது யாருடைய வீடு அழுக்கானது என்று நாம் கேட்கவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் எறிந்துவிடும் கலாச்சாரத்தைக் கண்டித்தார். பொருள்களை எளிதில் எறிபவர்கள் முதியோரையும் ஏழைகளையும் அப்படியே ஒதுக்கப் பழகுவர் என்பது அவரது கவலை. ஆகவே பரணைக் காலி செய்யும் ஆர்வத்தில் நாம் அந்தக் கலாச்சாரத்துக்குள் விழுந்துவிடக் கூடாது.

சில நடைமுறைகளை மனத்தில் கொள்வோம்.

பழைய, பருத்த தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு. இவற்றை உடைக்கக் கூடாது. மின்கம்பியிலிருந்து செம்பு எடுக்க அதை எரித்தால் வரும் புகை நஞ்சு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இத்தகைய கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வழி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். உள்ளாட்சியின் தூய்மைப் பணியாளரிடம் தனியாகப் பிரித்தும் கொடுக்கலாம்.

காலம் கடந்த மருந்துகளை எந்த ஏழைக்கும் கொடுக்கக் கூடாது. மீதமான மருந்தைக் கொடுப்பது உதவி அல்ல, ஆபத்து.

பழைய பாடநூல்களை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு என்று வைத்திருப்போம். தமிழகப் பாடத்திட்டம் 2018 முதல் படிப்படியாக மாறிவிட்டதால், அதற்கு முந்தைய நூல்கள் வகுப்புக்கு உதவா. கதை நூல்களும் அகராதிகளும் நூலகத்துக்கு உதவும்.

பழைய பருத்திச் சேலைகளைப் பைகளாகத் தைக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. திருவிழாக் கடைகளில் நம் பங்கு மகளிர் குழுவின் துணிப்பை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த பானை ஆகியவற்றை முற்றத்தில் விட்டுவைக்க வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் பெறும் நம் மாவட்டத்தில் அவை டெங்குக் கொசுவுக்குத் தொட்டில்கள்.

காகிதங்களைப் பார்த்து எறிவோம்

பரணில் கிடக்கும் காகிதக் கட்டுகளை எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணையும்வரை நம் பகுதி திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அக்காலப் பிரமாணங்கள் பல மலையாளத்தில் எழுதப்பட்டு, கொல்லம் ஆண்டில் தேதியிடப்பட்டவை. இன்றைய பிள்ளைகளுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததால் குப்பை என்று நினைத்துவிடுகிறோம். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஒரு மூத்த ஆவண எழுத்தரிடம் காட்டினால், அது எந்த நிலத்துக்கு உரியது என்று தெரிந்துவிடும். திருமுழுக்கு, திருமணச் சான்றுகள், ஓய்வூதிய ஆணைகள், வங்கிப் புத்தகங்கள் ஆகியவற்றையும் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டில் பல தலைமுறைகளாகக் கிடந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிப் பார்த்துப் படி எடுத்தார். பின்னர் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றை நூலாக்கினார். நாஞ்சில் நாட்டின் நில உரிமை, வரி, அடிமை முறை பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் கணிசமான பகுதி அந்த ஓலைகளிலிருந்து வந்தது. யாரோ ஒருவர் அவற்றை அடுப்பில் போட்டிருந்தால், விற்கப்பட்ட அந்த ஏழைகளின் துயரமும் சேர்ந்து எரிந்திருக்கும்.

மந்திரிக்கப்பட்ட பொருள்களை என்ன செய்வது?

கத்தோலிக்க வீடுகளில் மட்டும் எழும் கேள்வி இது. கை உடைந்த அந்தோணியார் சுரூபம், அறுந்த செபமாலை, பல ஆண்டுக் குருத்தோலைகள், புனிதர் படம் அச்சிட்ட நாள்காட்டிகள். எறிய மனம் வராது. வைக்கவும் இடம் இல்லை. சிலர் இரவில் கொண்டுபோய்க் கோயில் மதிலோரமோ குருசடியிலோ வைத்துவிட்டு வருகிறார்கள். அது நம் சுமையைக் கோயில்பிள்ளையின் தலையில் வைப்பதாகும்.

மந்திரிக்கப்பட்ட பொருள்கள் தனியார் கையில் இருந்தாலும் மரியாதையோடு கையாளப்பட வேண்டும், தகாத பயன்பாட்டுக்குப் போகக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் (எண் 1171) கூறுகிறது. இதற்குத் திருச்சபையில் நெடுங்காலமாக உள்ள வழக்கம் இரண்டு. எரியக் கூடியதை மரியாதையோடு எரித்து, சாம்பலை மண்ணில் புதைப்பது. எரியாததை யாரும் மிதிக்காத இடத்தில் புதைப்பது. பழைய தீர்த்தத்தை மண்ணில் ஊற்றிவிடலாம். குருத்தோலைகளைத் தவக்காலத்துக்கு முன் பங்கில் ஒப்படைத்தால், சாம்பல் புதனன்று நம் நெற்றியில் இடும் சாம்பல் அவற்றிலிருந்தே வரும். நல்ல நிலையில் உள்ள சுரூபத்தையும் செபமாலையையும் புதுநன்மை பெறும் பிள்ளைக்கோ புதுவீடு கட்டும் குடும்பத்துக்கோ கொடுக்கலாம்.

நாள்காட்டிப் படங்களைப் பொறுத்தவரை ஒரு சொல். புனித தேவசகாயம் 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15-இல் உரோமையில் புனிதராகவும் உயர்த்தப்பட்டபோது வந்த படங்கள் நம் வீடுகளில் பத்துக்குக் குறையாமல் இருக்கும். நன்றான ஒன்றைச் சட்டமிட்டு, அதன் முன் செபித்தால் போதும். அலமாரிக்குப் பின்னே செருகிய ஒன்பது படங்களால் புனிதருக்கு வணக்கம் கூடிவிடாது.

பெரியவர்களோடு அமர்ந்து

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. இன்று குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் முதியவர்கள் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறார்கள். பத்து நாள் விடுமுறையில் வந்து வீட்டைப் 'புதிதாக்கி'விட்டுப் போவது பிள்ளைகளுக்கு நிறைவாக இருக்கும். எஞ்சிய நாள்களில் அந்த வீட்டில் வாழப்போவது பெற்றோர். தட்டுமுட்டுப் பொருள்களில் கால் இடறி அவர்கள் விழக் கூடாது என்பது உண்மை. அவர்கள் உலகம் ஒரே பகலில் காணாமற்போகக் கூடாது என்பதும் உண்மை. முதுமையில் தந்தையின் அறிவு தளர்ந்தாலும் அவரிடம் பொறுமை காட்ட வேண்டும் என்று சீராக்கின் ஞானம் அறிவுறுத்துகிறது (சீஞா 3:12-13).

ஆகவே முதலில் ஒரே ஒரு பெட்டியை மட்டும் இறக்குவோம். அம்மாவையோ அப்பாவையோ அருகில் நாற்காலி போட்டு அமர்த்துவோம். ஒவ்வொன்றாக எடுத்து 'இது யாருடையது?' என்று கேட்போம். ஒரு கதை வரும். கேட்போம். கதை சொல்லி முடித்தபின் பெரும்பாலும் அவர்களே 'இனி இது எதுக்கு, கொடுத்திரு' என்பார்கள். பொருளை அவர்கள் காத்தது அந்தக் கதைக்காக. கதை நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டால் அவர்கள் கை தளர்ந்துவிடும். 'இது வேண்டும்' என்று சொல்வதை அப்படியே விட்டுவிடுவோம்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் உருளியும் நகையும் நிலப் பிரமாணமும் யாருக்கு என்பதை நீங்கள் நலமாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள், எழுதியும் வையுங்கள். நாற்பதாம் நாள் திருப்பலி முடிந்த அன்றே உடன்பிறந்தோர் ஒரு வெண்கலப் பாத்திரத்துக்காகப் பேச்சை நிறுத்திய குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். நீங்கள் உங்கள் கையால் கொடுத்தால் அது ஆசீர்வாதம். நீங்கள் போனபின் பிள்ளைகள் எடுத்தால் அது பங்கு பிரிப்பு.

முடிவாக

எங்கள் அம்மா அடுத்த கிறிஸ்து பிறப்புக்கு முன் தாமே பரணை இறக்கச் சொன்னார். மூன்று நாளில் அல்ல, மூன்று மாதத்தில் முடிந்தது. பெரிய வார்ப்பும் இரண்டு உருளிகளும் ஈயம் பூசப்பட்டுப் பங்கின் சமையற்கட்டுக்குப் போயின. பிரிக்காத பாத்திரப் பெட்டி, கல்யாணத்துக்கு வழியில்லாமல் நின்ற ஒரு வீட்டுக்கு இரவில் போயிற்று. யார் கொடுத்தது என்று அவர்களுக்கு இன்றும் தெரியாது. துருப்பிடித்த அந்தத் தகரப்பெட்டி மட்டும் வெறுமையாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை எடுக்கலாமா என்று நாங்கள் கேட்கவில்லை.

வரும் திருவிழாவுக்கு வெள்ளை அடிக்கும்போதோ, தவக்காலத்தின் ஒவ்வொரு வெள்ளியிலுமோ, ஓர் அலமாரியை, ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். இது யாருக்கு உரியது என்று கேட்போம். நமக்கு உரியதை நன்றியோடு பயன்படுத்துவோம். பிறருக்கு உரியதை மரியாதையோடு சேர்ப்போம். மண்ணுக்கு உரியதை மண்ணுக்குத் தீங்கின்றி ஒப்படைப்போம். பூச்சியும் துருவும் அழிக்காத செல்வத்தைத் தேடும் மனத்தை (மத் 6:19-21) இறைவன் நமக்கும் நம் குடும்பங்களுக்கும் அருள்வாராக.

அன்பியக் கூட்டத்தில் சிந்திக்க:

1. ஓராண்டுக்கு மேல் நாம் தொடாத எந்தப் பொருள், நமக்குத் தெரிந்த எந்த வீட்டுக்கு இன்றே உதவும்?
2. நாம் கடைசியாகக் கொடுத்தது கொடையா, கழிவா?
3. நம் வீட்டுப் பெரியவர் காத்து வைத்திருக்கும் ஒரு பொருளின் கதையை நாம் கேட்டிருக்கிறோமா?